இடம் ஒன்று, அமர்வது ஒன்று: ரவுட்டரில் வியூவும் காம்போனென்ட்டும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் செல்போன் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். ஒரு கொண்டை ஊசி வளைவில் நாலு கோடு காட்டும், அடுத்ததில் ஒன்றும் இருக்காது. மெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் இறங்கி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு தோட்டத்துக்குத்தான் காய் எடுப்பவர்களின் எடைக்கணக்கை எழுத ஒரு சின்ன வலைச்செயலி செய்துகொடுத்தேன். முதலாளி போடியில் இருக்கிறார். வேலையாட்கள் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வருகிறவர்கள். கணக்குப்பிள்ளை தமிழர், சூப்பர்வைசர் மலையாளி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன்.

கிளையன்ட் பக்க ரவுட்டர் என்றால் என்ன என்பது அந்த வேலையில்தான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதற்கப்புறம் இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: வியூ எது, காம்போனென்ட் எது? இது தெளிந்துவிட்டால் ரவுட்டரின் அமைப்புக் கோப்பு ஒரு பேருந்து நிலையப் பலகை போலப் படிக்க எளிதாகிவிடும்.

முதலில் ரவுட்டர் எதற்கு என்று பார்த்துவிடலாம். சாதாரண வலைத்தளத்தில் ஓர் இணைப்பைத் தொட்டால் பிரவுசர் சர்வரிடம் போய் அந்தப் பக்கத்தைக் கேட்கும். சர்வர் முழுப் பக்கத்தையும் அனுப்பும். பிரவுசர் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை முழுக்க வரையும். தோட்டத்தில் ஒவ்வோர் ஆளின் பெயரைத் தொடும்போதும் இப்படி மலையிறங்கிப் போய் வந்தால், எடை போட்டு முடிப்பதற்குள் இருட்டிவிடும். கிளையன்ட் பக்க ரவுட்டர் இருந்தால் செயலி முதல் தடவை மட்டும்தான் இறங்குகிறது. அதற்குப் பிறகு நீங்கள் ஓர் இணைப்பைத் தொட்டால், அந்தத் தொடுதலை ரவுட்டர் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. பிரவுசரின் ஹிஸ்டரி வசதியைக் கொண்டு மேலே தெரியும் முகவரியை மாற்றுகிறது. திரையில் எந்தப் பகுதி மாற வேண்டுமோ அதை மட்டும் மாற்றுகிறது. பின்னால் போகும் பொத்தானும் வழக்கம்போல வேலை செய்யும். எழுதிய எடைகளைச் சிக்னல் வந்த பிறகு சர்வருக்கு அனுப்புவது தனி வேலை, அதை இங்கே தொடவில்லை.

நான் பயன்படுத்தியது வியூ ஜேஎஸ். எவான் யூ என்பவர் 2014இல் வெளியிட்ட ஃபிரேம்ஒர்க் அது, அதாவது வலைச்செயலியின் திரைகளைக் கட்ட உதவும் கருவித்தொகுப்பு. ரியாக்ட், ஆங்குலர் பயன்படுத்துகிறவர்களுக்கும் இங்கே சொல்லும் அடிப்படை பெரும்பாலும் பொருந்தும், பெயர்களும் சில வசதிகளும்தான் வேறு. ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஃபிரேம்ஒர்க்கின் பெயரும் வியூ. புது புராஜெக்ட் ஒன்றை ரவுட்டரோடு உருவாக்கினால் கூடவே ‘வியூஸ்’ என்று ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள் இருப்பவை பக்கங்கள். ரவுட்டரிலோ ‘ரவுட்டர்-வியூ’ என்று ஒரு டேக் இருக்கிறது, அது பக்கமே கிடையாது, பக்கம் வந்து அமரும் இடத்தைக் காட்டும் குறி. மூன்றும் காதில் ஒரே மாதிரி விழுவதால் குழப்பம் வருவது இயல்புதான். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும்போது ரவுட்டர்-வியூவை ‘இடம்’ என்றுதான் சொல்வேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கும். இன்றைக்கு ஒரு தட்டில் இந்தத் தோட்டத்துப் பச்சைக்காய், நாளைக்கு அதே தட்டில் வேறு தோட்டத்துக் காய். காய் மாறும், தட்டு மாறாது. எந்தத் தட்டில் எந்தக் காய் என்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டில் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? தட்டுதான் இடம். காய்தான் காம்போனென்ட். சிலேட்டுதான் ரவுட்டரின் அமைப்பு. காம்போனென்ட் என்பது தானே ஒரு முழுப் பொருள்: ஆட்கள் பட்டியல், எடை எழுதும் படிவம், கூலிச் சீட்டு. இடம் என்பது வெறும் காலி. முகவரியைப் பார்த்து, சிலேட்டைப் படித்து, எந்தக் காலியில் எந்தப் பொருளை வைப்பது என்று முடிவு செய்வது ரவுட்டர்.

என் சிலேட்டின் முதல் வடிவம் இதுதான். உண்மையான கோப்பில் ஆங்கில எழுத்தில் இருந்தது, படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்:

/ஆட்கள் → ஆட்கள்பட்டியல்
/ஆட்கள்/:எண் → எடைப்படிவம்
/கூலி → கூலிச்சீட்டு

ஒவ்வொரு வரியும் ஒரு ரூட். இடது பக்கம் பாத், அதாவது முகவரி; வலது பக்கம் காம்போனென்ட். நடுவில் முக்காற்புள்ளி போட்டு எழுதிய ‘:எண்’ மாறக்கூடிய துண்டு. /ஆட்கள்/12 என்று வந்தாலும் /ஆட்கள்/13 என்று வந்தாலும் அதே வரிதான் பொருந்தும், எண் மட்டும் தனியாகக் கழன்று கையில் கிடைக்கும். அந்த எண் எப்போதும் எண்ணாக இல்லாமல் எழுத்துச்சரமாகத்தான் (ஸ்ட்ரிங்) வரும் என்பதை நினைவில் வையுங்கள். தரவில் 12 என்பது எண்ணாக இருந்து, வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாது, ஆள் கிடைக்கவில்லை என்றுதான் வரும். காம்போனென்ட் ரவுட்டரிடம் நேரடியாகப் போய் எண்ணைக் கேட்காமல், ரூட்டில் ப்ராப்ஸ் (காம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்) என்பதை ‘ட்ரூ’ என்று வைத்து வாங்கிக்கொள்வது நல்லது. அப்படிச் செய்தால் அதே எடைப்படிவத்தை ரவுட்டர் இல்லாத வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம். வரிகளின் வரிசை பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வியூ ரவுட்டரின் பழைய 3ஆம் பதிப்பில்தான் மேலே உள்ளது முதலில் பொருந்தும். 4ஆம் பதிப்பிலிருந்து எது கூடுதலாகத் துல்லியமாகப் பொருந்துகிறதோ அதுவே தேர்வாகும்.

ஒரே ஓர் இடம் இருக்கும்வரை எல்லாம் சுலபம். ஓர் இடத்துக்குள் இன்னோர் இடம் வரும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது.

ஓர் ஆளின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெயரும் செக்ரோல் நம்பரும் (தோட்டத்து ஆள்பதிவேட்டில் அவருடைய எண்) எப்போதும் இருக்க வேண்டும். கீழே சில நேரம் இன்றைய எடை, சில நேரம் இந்த வாரக் கணக்கு. அப்போது ‘ஆள்பக்கம்’ என்ற தாய்க் காம்போனென்ட் ஒன்றைச் செய்து, அதன் ரூட்டுக்குள் ‘சில்ட்ரன்’ என்ற பட்டியலில் ‘எடை’, ‘வாரம்’ என்று இரண்டு பிள்ளை ரூட்டுகளை எழுதுகிறோம். முகவரி /ஆட்கள்/12/எடை, /ஆட்கள்/12/வாரம் என்று வரும். இங்கே நூற்றுக்குப் பாதிப் பேர் மறப்பது ஒன்று உண்டு. தாய்க் காம்போனென்ட்டுக்குள் ஒரு ரவுட்டர்-வியூ போட வேண்டும். போடாவிட்டால் முகவரி மாறும், பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலில் சிவப்பாக எதுவும் வராது, திரையில் மட்டும் கீழ்ப்பகுதி வெறிச்சென்று இருக்கும். தட்டே வைக்காமல் காயைக் கொட்டச் சொன்னால் எங்கே கொட்டுவது?

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பிள்ளையின் பாத்தில் முதலில் சாய்கோடு போடாதீர்கள். ‘எடை’ என்றால் தாயின் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும், ‘/எடை’ என்றால் முகவரி வேரிலிருந்து தொடங்கிவிடும். அப்புறம், வெறும் /ஆட்கள்/12 என்று வந்தால் கீழே என்ன காட்டுவது? அதற்குப் பாத்தைக் காலியாக விட்டு ஒரு பிள்ளை ரூட் எழுத வேண்டும். என் செயலியில் அந்தக் காலிப் பாத் இன்றைய எடைக்குப் போகும்.

சரி, உள்ளே உள்ளே போவது இது. பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு வேறு வழி. முதலாளி போடியில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது இடது பக்கம் ஆட்கள் பட்டியலும் வலது பக்கம் விவரமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்றார். கூலிப் பக்கத்துக்குப் போனால் இடது பக்கம் வாரங்களின் பட்டியல், வலது பக்கம் சீட்டு. அதாவது ஒரே முகவரிக்கு இரண்டு இடங்களும் சேர்ந்து மாற வேண்டும். இதற்குத்தான் பெயர் வைத்த வியூக்கள். ஓர் இடத்துக்கு ‘ஓரம்’ என்று பெயர் வைத்தேன். இன்னொன்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காத இடத்தை ரவுட்டர் ‘டிஃபால்ட்’ என்று எடுத்துக்கொள்ளும். சிலேட்டு இப்படி ஆனது:

/ஆட்கள்/:எண் → டிஃபால்ட்: ஆள்பக்கம், ஓரம்: ஆட்கள்பட்டியல்
/கூலி → டிஃபால்ட்: கூலிச்சீட்டு, ஓரம்: வாரப்பட்டியல்

இதை எழுதும்போது ஓர் எழுத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரே இடம் என்றால் ரூட்டில் எழுத வேண்டியது ‘காம்போனென்ட்’, ஒருமை. பல இடங்கள் என்றால் ‘காம்போனென்ட்ஸ்’, பன்மை. ஒருமையில் எழுதிவிட்டு அதற்குள் டிஃபால்ட், ஓரம் என்று பட்டியல் கொடுத்தால், அந்தப் பட்டியலையே ஒரு காம்போனென்ட் என்று நினைத்து வரையப் பார்க்கும், ஒன்றும் வராது. தமிழில் ‘கள்’ விகுதியை விட்டுவிட்டால் படிப்பவர் புரிந்துகொள்வார். ரவுட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ப்ராப்ஸும் அப்படித்தான்: பல இடங்கள் இருக்கும்போது வெறும் ‘ட்ரூ’ போதாது, எந்த இடத்துக்கு ட்ரூ என்று இடத்தின் பெயரோடு சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு ரூட்டில் ‘ஓரம்’ பற்றி எதுவும் எழுதாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். அது பிழை இல்லை, பல நேரம் நமக்கு வேண்டியதே அதுதான்.

உள்ளே வைப்பதும் பக்கத்தில் வைப்பதும் சேரும்போது ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு பிள்ளை ரூட் தன் தாயின் வீட்டில் உள்ள இடங்களைத்தான் நிரப்பும், பாட்டி வீட்டு அறைக்குப் போகாது. செயலியின் வெளிச்சட்டத்தில் உள்ள ‘ஓரம்’ மாற வேண்டும் என்று ‘வாரம்’ என்ற பிள்ளை ரூட்டில் எழுதினால் நடக்காது. வெளிச்சட்டத்தின் இடங்களை நிரப்பும் உரிமை மேல்மட்ட ரூட்டுக்கு மட்டும்தான். நான் இதில் ஒரு முழு மாலையைச் செலவழித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். எழுத்து எல்லாம் சரியாகத்தான் இருந்தது, படிநிலைதான் தப்பு.

பெயர் வைத்த வியூக்களைக் கற்றதும் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கத் தோன்றும். வேண்டாம். என் செயலியில் அடியில் ‘இன்றைய மொத்தம்’ என்று ஒரு பட்டை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. எந்த முகவரிக்குப் போனாலும் அது மாறுவதில்லை. அதற்கு ரவுட்டர் எதற்கு? வெளிச்சட்டத்திலேயே நேரடியாக வைத்துவிட்டேன். முகவரி மாறினால் மாறுகிற பொருளுக்கு மட்டும்தான் இடம் ஒதுக்க வேண்டும். இதை ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்து, மாறும் கட்டத்தை மட்டும் பென்சிலால் நிழலடித்துவிட்டு அப்புறம் கீபோர்டைத் தொடுவது என் பழக்கம்.

எல்லா ரூட்டுக்கும் முன்னால் ஒரு செக்போஸ்ட்டும் வைக்கலாம். போடிமெட்டில் வண்டியை நிறுத்தி விசாரிப்பது போல, ஒவ்வொரு முகவரி மாற்றத்தையும் நிறுத்தி, போகலாமா கூடாதா என்று பார்க்கும் ஃபங்ஷன் அது. கூலிச் சீட்டுப் பக்கத்தை முதலாளி மட்டும் பார்க்கலாம் என்று அந்த ரூட்டில் ஒரு குறிப்பு எழுதிவைத்து, செக்போஸ்ட்டில் அதைப் படித்து மற்றவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் இது திரைக்கு மட்டும்தான் காவல். தரவுக்குக் காவல் சர்வரில்தான் இருக்க வேண்டும். பிரவுசரில் ஓடுகிற எதையும் பிரவுசர் வைத்திருப்பவர் மாற்ற முடியும்.

மலைக்கு ஏற்ற மாதிரி நான் மாற்றிக்கொண்டது காம்போனென்ட்டை எப்போது இறக்குவது என்பதை. ரூட்டில் காம்போனென்ட்டை நேரடியாகக் கொடுக்காமல், அதை இறக்கும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுக்கலாம். அப்போது அந்தப் பக்கத்துக்கு முதல் தடவை போகும்போதுதான் அதன் கோப்பு இறங்கும். முதல் திரை சீக்கிரம் வரும் என்பதால் எல்லாப் பக்கத்துக்கும் இப்படிச் செய்யச் சொல்வார்கள். தோட்டத்தில் இது ஆகாது. கணக்குப்பிள்ளை காலையில் சிக்னல் உள்ள இடத்தில் செயலியைத் திறந்துகொண்டு போகிறார். சாயங்காலம் ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று எடைப்படிவத்தை முதல் தடவை தொடும்போது கோப்பு இறங்காவிட்டால், சாக்கோடு வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அதனால் தோட்டத்தில் தேவைப்படும் பக்கங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கிவிட்டேன். போடியில் உட்கார்ந்து பார்க்கும் கூலிச் சீட்டும் மாதக் கணக்கும் மட்டும் தேவைப்படும்போது இறங்கும்.

முதலாளிக்கு ஓர் ஆளின் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தொட்டதும் 404, அதாவது பக்கம் இல்லை, என்று வந்தது. காரணம் எளிது. வெளியிலிருந்து நேரடியாக வரும் முகவரி முதலில் சர்வரிடம்தான் போகும், ரவுட்டர் அப்போது விழித்திருக்காது. /ஆட்கள்/12 என்று ஒரு கோப்பு சர்வரில் கிடையாது. எந்த முகவரி கேட்டாலும் செயலியின் முதல் பக்கத்தையே கொடு என்று சர்வரில் எழுதினால் தீரும். ஆனால் அதன் பிறகு தப்பான முகவரிக்குக்கூடச் சர்வர் 404 சொல்லாது. அந்தப் பொறுப்பு உங்கள் சிலேட்டுக்கு வந்துவிடும், எதிலும் பொருந்தாத முகவரியைப் பிடிக்க ஒரு ரூட் எழுதியே ஆக வேண்டும்.

இனி நான் மறக்க முடியாத பிழை. செயலி தோட்டத்துக்குப் போன முதல் வாரம். கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, பன்னெண்டாம் நம்பர் அக்காவுக்கு எடை போட்டுட்டு பதிமூணைத் தொட்டா, பன்னெண்டோட கிலோவே நிக்குது” என்றார். முகவரியில் 13 என்று இருக்கிறது, மேலே பெயரும் மாறியிருக்கிறது, கட்டத்தில் மட்டும் பழைய எடை. கூலி கிலோக் கணக்கில் தரும் தோட்டம் அது. ஒருவர் எடுத்த காய் இன்னொருவர் பெயரில் ஏறினால் அது சின்னப் பிழை ஆகாது. அன்றைக்கு நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். /ஆட்கள்/12இலிருந்து /ஆட்கள்/13க்குப் போகும்போது ரவுட்டர் பார்க்கிறது: அதே ரூட், அதே இடம், அதே காம்போனென்ட். எதற்காகக் கழற்றி மறுபடி மாட்டுவது என்று அப்படியே விட்டுவிடுகிறது. காம்போனென்ட் புதிதாகப் பிறக்கவில்லை என்பதால், பிறக்கும்போது ஓட வேண்டிய என் ஃபங்ஷனும் ஓடவில்லை. பெயர் ப்ராப்ஸ் வழியாக வந்ததால் மாறியது. எடை காம்போனென்ட்டின் சொந்த நினைவில் இருந்ததால் தங்கிவிட்டது. தட்டும் மாறவில்லை, காயும் மாறவில்லை, மேலே ஒட்டிய சீட்டு மட்டும் மாறியிருக்கிறது.

தீர்வு இரண்டு உண்டு. எண் மாறுகிறதா என்று வாட்ச் வைத்துக் கவனித்து, மாறியதும் தரவைப் புதிதாக ஏற்றலாம். அல்லது அந்த இடத்துக்கு ஒரு கீ, அதாவது ஓர் அடையாளக் குறி, கொடுக்கலாம். கீ மாறினால் பழைய காம்போனென்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டும். படிவம் என்பதால் எனக்குக் கீதான் பாதுகாப்பாகப் பட்டது, பழைய ஆளின் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. அவசரத்தில் முழு முகவரியையும் கீயாகக் கொடுத்தேன். வேலை செய்தது.

இரண்டு நாள்தான். இந்தச் செயலியில் முகவரியின் முதல் துண்டு மொழி: தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று. மேலே காட்டிய வரிகளில் எளிமைக்காக அதை விட்டிருந்தேன். கணக்குப்பிள்ளை எடையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, “சேட்டா, இதைச் சரிபாருங்க” என்று போனைச் சூப்பர்வைசரிடம் நீட்டுவார். அவர் மலையாளத்துக்கு மாற்றுவார். மொழி மாறினால் முழு முகவரி மாறும், கீ மாறும், படிவம் புதிதாகப் பிறக்கும், பாதி எழுதிய எடை காணாமல் போகும். ரவுட்டர் காம்போனென்ட்டை அப்படியே விட்டுவைப்பது ஓர் இடத்தில் எனக்கு எதிரி, இன்னோர் இடத்தில் எனக்கு வேண்டிய உதவி.

கீயை முழு முகவரியிலிருந்து செக்ரோல் நம்பருக்கு மாற்றினேன். அடுத்த எடை நேரத்தில் நானும் மலைக்குப் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை 4.2 என்று தட்டிவிட்டுப் போனை நீட்டினார். சூப்பர்வைசர் மொழியை மாற்றினார். தலைப்புகள் எல்லாம் மலையாளத்துக்கு மாறின, 4.2 நின்ற இடத்திலேயே நின்றது. அவர் தராசை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சேமித்தார். அடுத்த ஆளைத் தொட்டார், கட்டம் காலியாக வந்தது.